தொண்ணூற்று மூன்று மில்லிமீட்டர்

ஸ்கோன் என்கிற வெண்ணெய் ரொட்டிக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு கைப்பிடி குறைகிறது என்பதைக் கிளெண்டா பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தி அவள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, கொல்லையில் ஈரக்கல் பதித்த பாதையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்துபோய், பட்டறைக் கதவைக் கோலின் முனையாலேயே தள்ளித் திறந்தாள். உள்ளே அவள் புருஷன் நெவில் மேஜைமேல் குனிந்து நின்றிருந்தான். கிடுக்கியில் பிடித்து வைத்திருந்த இன்ஜினின் தலை கழற்றப்பட்டிருந்தது. சிலிண்டருக்குள் பளபளவென்று தெரிந்த பிஸ்டனின் மண்டைமேல், வெண்ணெய் மணக்க மணக்க, அவளுடைய மாவு அப்பிக் கிடந்தது.

"என் மாவ எங்கய்யான்னு கேக்க வந்தேன். கேக்கவே வேண்டாம் போல."

"பிளாஸ்டிசின் தீர்ந்துபோச்சு," என்றான் நெவில், நிமிராமலே.

"அதனால எனக்கு ஸ்கோன் இல்லை. நல்லா இருக்குய்யா நியாயம்."

இன்ஜின் கட்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் இது. பிஸ்டன் உச்சிக்கு ஏறும்போது அதற்கும் மேல்மூடிக்கும் இடையில் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று கண்ணால் பார்க்க வழியில்லை. அதனால் மெத்தென்ற எதையாவது உருட்டி பிஸ்டன்மேல் வைத்து, மூடியை முறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திறப்பார்கள். நசுங்கிப்போனதைக் கத்தியால் வெட்டி, எவ்வளவு தடிமன் மிச்சம் என்று பார்ப்பார்கள். சிறுபிள்ளைகள் விளையாடும் களிமண்தான் வழக்கம். ஸ்கோன் மாவை வைத்தவன் இங்கிலாந்தின் யார்க்ஷைர் பள்ளத்தாக்குகளிலேயே நெவில் ஒருவனாகத்தான் இருப்பான். ஆனால் இப்போது அவன் முகம் தொங்கிப்போயிருந்ததற்குக் காரணம் மாவு திருடி மாட்டிக்கொண்டது இல்லை. நடுவில் மாவு இருந்தது. ஓரத்தில் துளிகூட இல்லை. பிஸ்டனின் விளிம்பில், மூடி உரசிய இடத்தில், பிறை மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு தெரிந்தது.

"முட்டுதா?" என்றாள் கிளெண்டா, கிட்ட வந்து எட்டிப் பார்த்து.

"முட்டுது."

"நீ கட்டின இன்ஜின் முட்டுதா!"

நெவில் அந்தத் தழும்பைக் கட்டைவிரலால் தடவினான். என்ன நடந்தது என்பது அவனுக்கு அதற்குள் புரிந்துபோயிருந்தது, அதுதான் அவமானம். வாழ்நாள் முழுக்க அவன் இன்ஜின்களின் ஸ்ட்ரோக்கைக் குறைத்தே பழகியவன். பிஸ்டன் மேலிருந்து கீழே போய் வருகிற அந்தத் தூரத்தைக் குறைத்தால், பிஸ்டன் உச்சிவரை எட்டாமல் நின்றுவிடும். அதற்காக சிலிண்டரின் அடிப்பாகத்தைக் கொஞ்சம் சீவிக் கீழிறக்க வேண்டும். குன்றில் இருக்கும் கல்குவாரி எந்திரங்களை வாரம் முழுவதும் பழுது பார்த்துவிட்டு, சனி ஞாயிறுகளில் பந்தய வண்டிகளுக்கு அவன் செய்துவந்தது இந்த வேலைதான். இந்த முறை ஸ்ட்ரோக்கை நீட்டியிருந்தான். நீட்டினால் பிஸ்டன் முன்பைவிட மேலேயும் ஏறும், கீழேயும் இறங்கும். சிலிண்டருக்கு அடியில் தகடு கொடுத்து உயர்த்த வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் கை கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் சிலிண்டரை லேத்தில் ஏற்றி, பழைய பழக்கத்தில் அடியைச் சீவி வைத்துவிட்டது.

"உயர்த்த வேண்டியத சீவி வச்சிருக்கேன்," என்றான் கடைசியில்.

கிளெண்டா சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். இடது முட்டி அதற்குமேல் மடங்கவில்லை. நெவில் ஓடிவந்து எடுத்துக் கொடுத்தான். 

அந்த முட்டியால்தான் இந்த இன்ஜினே. போன இலையுதிர் காலத்தில், ஈரப் பாறையில் மோட்டார்சைக்கிள் வழுக்கியபோது கிளெண்டா காலை ஊன்றினாள். வண்டி வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கால் நின்ற இடத்தில் நின்றது, உடம்பு வண்டியோடு போனது, முட்டிக்குள் இருக்கிற தசைநார் நூல் அறுகிற மாதிரி அறுந்தது. சத்தம்கூடக் கேட்டது என்பாள். தைத்தார்கள். குளிர்காலம் பூராவும் கட்டிலிலும் சோபாவிலுமாகக் கிடந்தாள். இன்னொரு தடவை இந்தக் காலில் பாரம் திடீரென்று இறங்கினால் அப்புறம் ஆயுசுக்கும் கோல்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் டிரயல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. நம்மூர் ஆட்களுக்கு மோட்டார்சைக்கிள் பந்தயம் என்றாலே வேகம்தான் ஞாபகத்துக்கு வரும். டிரயலில் வேகத்துக்கு மதிப்பே கிடையாது. பாறையும் ஓடையும் சேறுமாக ஒரு கட்டத்தைக் குறித்து வைப்பார்கள், கால் தரையில் படாமல் அதைக் கடந்து வர வேண்டும், அவ்வளவுதான். பால் லாரி ஓட்டுகிற கிளெண்டா இருபத்தைந்து வருஷமாக ஞாயிறுதோறும் இதைச் செய்துவந்தாள். பெரிய கோப்பை எதுவும் ஜெயித்ததில்லை. ஜெயிப்பதற்காகப் போகிறவளும் இல்லை. திங்கட்கிழமை காலையில் லாரியில் ஏறும்போது அவள் முகத்தில் இருக்கும் ஒரு தெளிச்சலுக்காக நெவில் அவளுடைய சேறு பிடித்த துணிகளை முணுமுணுக்காமல் துவைத்துப்போட்டான்.

குளிர்காலத்தின் கடைசியில் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை வந்தது. வண்டியை விற்றுவிடு என்றான் அவன். விற்க மாட்டேன் என்றாள் அவள். அவன் கத்தினான், அவள் அழுதாள், பிறகு அவன் அழுதான். பயத்தில் அழுதான் என்பதை ஒளிக்காமல் சொன்னான். உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடையிலிருந்து மேலே வந்தபோது எனக்கு இருந்த மாதிரி இன்னொரு நாள் எனக்கு வேண்டாம் என்றான். அதன்பிறகு கிளெண்டா கொஞ்சம் இறங்கி வந்தாள். வசந்தத்தில் கிளப் நடத்துகிற டிரயலில் ஒரே ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன், இடது கால் எங்கேயாவது ஒருமுறை தரையில் பட்டாலும் அன்றைக்கே வண்டியை விற்றுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். ஆனால் அதற்கு அவள் ஒன்று கேட்டாள்.

"எனக்கு மெதுவா போற இன்ஜின் வேணும்."

"எல்லா இன்ஜினும் மெதுவாப் போகும், ஆக்சிலேட்டரக் குறைச்சா."

"குறைச்சா நின்னுபோகுதுய்யா. நீ கட்டுறதெல்லாம் பந்தயக் குதிரை. கல்லு முன்னாடி வந்து நின்னா கனைச்சுட்டு செத்துப்போகுது. நின்னுரும்னு பயந்துதான் நான் வேகமாப் போறேன். வேகமாப் போனதாலதான் விழுந்தேன்."

நெவிலுக்குச் சுருக்கென்றது. அவள் விழுந்த வண்டியின் இன்ஜினும் அவன் கட்டியதுதான். அதை அவள் அதற்கு முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை, அன்றும் குற்றமாகச் சொல்லவில்லை.

"பழைய ஆளுங்க வச்சிருந்த மாதிரி நீளமான ஸ்ட்ரோக்," என்றாள். "வேலிக் கதவக் கீலுக்குப் பக்கத்துல கைய வச்சுத் தள்ளிப் பாரு, அசையாது. கொக்கிப் பக்கம் தள்ளு, குழந்தை தள்ளினாலும் போகும். அதுதான?"

"அது அரைகுறை. ஸ்ட்ரோக் நீண்டா, அதே கொள்ளளவுக்குப் பிஸ்டன் ஒல்லியாகணும். தள்ளுற கை சின்னதாகிடும். கணக்குப் போட்டா ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா எல்லாரும் ஏன் நீளமா வச்சாங்களாம்?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் பிடிக்கவில்லை. ஒல்லியான சிலிண்டருக்குச் சின்ன வால்வு, சின்ன வழி. வேகம் குறைவாக இருக்கும்போது அந்தக் குறுகலான வழியில்தான் காற்று விறுவிறுவென்று நுழைந்து பெட்ரோலோடு நன்றாகக் கலக்கும். உயரமான இன்ஜினுக்குள் கனத்த ஃபிளைவீலுக்கு இடம் இருக்கும், ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே அந்தச் சக்கரம் இன்ஜினைச் சுமந்துகொண்டு போகும். ஆனால் வேகம் ஏறினால் எல்லாம் தலைகீழ். அவ்வளவு நீளத்தை அதே நேரத்துக்குள் ஓடி முடிக்க பிஸ்டன் நாய்பட்ட பாடு படும், சீக்கிரமே மூச்சு வாங்கிவிடும். குட்டையான ஸ்ட்ரோக்தான் உயரச் சுழலும், பெரிய வால்வு வைக்கலாம், கத்திக்கொண்டு பறக்கலாம். அவனுடைய வேலை அந்தக் கத்தலில்தான் இருந்தது. மெதுவாகப் போவதற்காக ஒரு இன்ஜின் கட்டுவது அவனுக்குச் சமையல்காரனைப் பார்த்து வெறும் சோறு வடி என்று சொன்ன மாதிரி இருந்தது. ஆனாலும் கட்டினான். தொண்ணூற்று மூன்று மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் வருகிற மாதிரி பிஸ்டனை ஓட்டுகிற கிராங்க் தண்டைச் செய்தான், சிலிண்டருக்குள் ஒல்லியான உறை இறக்கினான், ஃபிளைவீலை இரண்டு கையாலும் தூக்கினால்தான் எழும்பும் என்கிற அளவுக்குக் கனமாக்கினான். சீவி வைத்த அடியைத் தகடு போட்டு உயர்த்தினான். அந்தத் தகட்டைக் கிளெண்டா கடைசிவரை "ஸ்கோன் தட்டு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொல்லையில் முதன்முதலாக ஓடவிட்டபோது அது நன்றாகத்தான் ஓடியது. மெதுவாகவும் ஓடியது. அவனுக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. பாரம் இல்லாமல் நிறுத்தி வைத்தால் தையல் மெஷினும் மெதுவாகத்தான் ஓடும், பாறையில் ஏறும்போது தெரியும் சேதி என்று நினைத்துக்கொண்டான்.

டிரயல் நடந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். கூடவே அந்தக் குன்றுகளுக்கே உரிய காற்று, தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற காற்று. கிளப் செயலாளர் மியூரியல் ஹெப்டன் காரின் பின்கதவைத் திறந்துவைத்து, அதில் உட்கார்ந்து எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். நெவிலைப் பார்த்ததும் ஒரு மஞ்சள் மேல்சட்டையை அவன் மேல் விட்டெறிந்தாள்.

"நாலாவது கட்டத்துக்கு நடுவர் வரலை. நீ போய் நில்லு."

"மியூரியல், என் பொண்டாட்டி ஓட்டுறா இன்னிக்கு."

"தெரியும். மூணாவது கட்டத்துல ஆர்தர் நிக்கிறான், அவன் மகனும் மருமகளும் ஓட்டுறாங்க. ஆறாவதுல என் அக்கா. இந்த ஊர்ல யாருக்கும் சொந்தமில்லாத ஆளுக்கு நான் எங்கய்யா போவேன்? கண்ணு இருக்குல்ல, கால் பட்டா பட்டதுன்னு போடு. சந்தேகம்னா ஓட்டுறவங்க பக்கம். போ, போ."

அங்கே எப்போதும் அப்படித்தான். ஓட்டுகிறவர்களின் வீட்டு ஆட்கள்தான் நடுவர்கள். அதனால் யாரும் யாருக்கும் சலுகை காட்டியதாகப் பேச்சு வந்ததில்லை. சொல்லப்போனால் சொந்தக்காரன் கையில் மாட்டினால் ஒரு மதிப்பெண் கூடத்தான் போகும். நெவில் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு ஓடையோரமாக இறங்கினான். நாலாவது கட்டம் மோசமான கட்டம். முழங்கால் அளவு தண்ணீரில் உருளைக் கற்கள்மேல் வர வேண்டும், பிறகு இடுப்பளவு உயரப் பாறை ஒன்றில் ஏற வேண்டும், ஏறின உடனே முட்செடிப் புதருக்குக் கீழே இடதுபுறமாக ஒடித்துத் திரும்ப வேண்டும். திரும்புகிற இடத்தில் பெரிய தட்டைக்கல் ஒன்று காய்ந்து வெளுத்துக் கிடந்தது. இடது பக்கம் சாய்கிற வண்டிக்கு இடது காலை வைக்கச் சொல்லி அழைக்கிற கல். 

காலையில் வந்தவர்களில் பாதிப்பேர் அந்தப் பாறையிலேயே தோற்றார்கள். புது வண்டிக்காரர்கள் உறுமிக்கொண்டு வந்து தாவினார்கள், சிலர் தாவிக் கடந்தார்கள், சிலர் தாவி ஓடைக்குள்ளேயே விழுந்தார்கள். ஒவ்வொருவரும் கடந்து முடித்ததும் நெவில் கையை உயர்த்திக் காட்டினான். கால் படவே இல்லை என்றால் 'சுத்தம்', மூடிய கை; ஒருமுறை பட்டால் ஒரு மதிப்பெண் போனதற்கு ஒரு விரல், இன்ஜின் அணைந்தாலோ வண்டி விழுந்தாலோ ஐந்து விரலும். ஐந்து விரல் வாங்கிய ஒரு தடியன், "யோவ் நெவில், கண்ணாடி மாத்துய்யா!" என்று கத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான்.

கிளெண்டா வண்டியை மேலே நிறுத்திவிட்டு முதலில் நடந்து இறங்கி வந்தாள். ஓட்டுகிறவர்கள் கட்டத்தை நடந்து பார்த்துக்கொள்வது வழக்கம். கோல் இல்லை. கைகளைப் பாறையில் ஊன்றி ஊன்றி வந்தாள். உருளைக் கற்களைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள், தட்டைக்கல்லைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். முதல் மூன்று கட்டத்திலும் கால் படாமல் வந்திருக்கிறாள் என்று அவள் முகமே சொன்னது.

"நடுவர் ஐயா, கண்ணு நல்லாத் தெரியுதா?"

"தெரியுதும்மா."

"பட்டா பட்டதுன்னு போடணும். புருஷன் வேலையெல்லாம் காட்டக்கூடாது."

"கிளெண்டா, இந்த ஒண்ண விட்டுட்டு சுத்திப் போயிடேன். அஞ்சு மதிப்பெண்தான போகும்?"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவள் திரும்பி மேலே ஏறினாள்.  கால் பட்டால் வண்டி போய்விடும், அதோடு அவன் பயமும் போய்விடும். அதைத்தானே குளிர்காலம் முழுக்க வேண்டிக்கொண்டிருந்தான். ஆனால் பட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால் அடுத்த நொடி அந்த முட்டி கண்முன்னால் வந்து நின்றது. படக்கூடாது என்று நினைத்தால் இனி வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் அவன் புதரோரம் நின்றான்.

அவள் தண்ணீருக்குள் இறங்கினாள். முதலில் அவனுக்குக் கேட்டது அந்தச் சத்தம்தான். டப். டப். டப். காலையில் வந்த வண்டிகளெல்லாம் துணி கிழிக்கிற மாதிரி வந்துபோயிருந்தன. இது ஒருத்தர் நடந்து வருகிற மாதிரி வந்தது. உருளைக் கற்கள்மேல் சக்கரம் ஏறியபோது சத்தம் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது, ஆனால் தடுமாறவில்லை. அவள் ஆக்சிலேட்டரை முறுக்கவும் இல்லை, கிளட்சைத் தொடவும் இல்லை. தண்ணீர் அவளுடைய பூட்ஸ்களைச் சுற்றி நுரைத்தது. பாறைக்கு முன்னால் வந்தபோது, இதுதான் இடம், இங்கேதான் செத்துப்போகும் என்று நெவில் பல்லைக் கடித்தான். முன்சக்கரம் பாறையில் முட்டி ஏறியது. சத்தம் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. டப். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. டப். அந்த இரண்டுக்கும் நடுவே ஓடைத்தண்ணீர் கல்லில் உரசி ஓடுகிற சத்தம் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. மேலே எங்கோ ஒரு ஆடு கத்தியதுகூடக் கேட்டது.

 அவன் கட்டிய இன்ஜின்களில் ஒன்றிலும் இரண்டு வெடிகளுக்கு நடுவே எதையும் கேட்டதில்லை. அவற்றில் எல்லாம் சேர்ந்து ஒரே அலறல்தான். பிஸ்டன் உச்சிக்குப் போய் நிற்கிறது, நின்றுதான் திரும்புகிறது, அடிக்குப் போய் மறுபடி நிற்கிறது என்று அவனுக்குப் புத்தகப் பாடமாகத் தெரியும். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அது நின்று திரும்புவதை வைத்துத்தான் அவன் பிழைப்பு. இன்றைக்குத்தான் முதன்முதலாக அது நிற்பதைக் கேட்டான். அந்த நிற்றலுக்குள் பெட்ரோல் இல்லை, நெருப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. ஒரு கனத்த இரும்புச் சக்கரம் மட்டும் போன அடியின் ஞாபகத்தில் சுழன்று, ஒரு மனுஷியையும் ஒரு வண்டியையும் பாறைமேல் தூக்கிக்கொண்டிருந்தது. அடுத்த வெடி வருமா வராதா என்று அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அது வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. அட, அட என்று அவன் வாய்விட்டே சொல்லிவிட்டான். தொண்ணூற்று மூன்று மில்லிமீட்டர், தன் கையாலேயே அளந்த தூரம், அதற்குள் இவ்வளவு பெரிய இடம் இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது.

சத்தம் மெல்ல ஏறி, திரும்பி, புதரைத் தாண்டி, கரைமேல் போய்ச் சாதாரணமாகத் தட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் நெவில் கண்ணைத் திறந்தான். திறந்தபிறகுதான் அது மூடியிருந்தது என்பதே அவனுக்குத் தெரிந்தது. பட்டறையில் இன்ஜினைக் கேட்கிறபோதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வது அவன் வழக்கம். நாற்பது வருஷப் பழக்கம், நடுவராக நிற்கிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை.

கரைமேல் கிளெண்டா வண்டியில் உட்கார்ந்தபடி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே தண்ணீருக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றவர்களுக்குப் புதர் மறைத்திருந்தது, அவர்களும் அவன் கையைத்தான் பார்த்தார்கள். சந்தேகம்னா ஓட்டுறவங்க பக்கம். நெவில் விரல்களை மூடிக் கையை உயர்த்தினான். வரிசையில் யாரோ விசிலடித்தார்கள், இரண்டு பேர் கை தட்டினார்கள்.

கிளெண்டா சிரிக்கவில்லை. வண்டியை ஒரு மண்மேட்டில் சாய்த்து, இன்ஜினை அணைக்காமலே இறங்கி அவனிடம் வந்தாள்.

"என்னய்யா இது?"

"சுத்தம்," என்றான். 

"என்ன சுத்தம்? காலை வச்சேன்ல."

"எங்க?"

"எங்கேயா? உன் மூக்குக்கு முன்னாடிய்யா! நீ பாக்கலையா?"

"இல்ல."

"நடுவர்னு நிக்க வச்சா தூங்கினியா?"

"கேட்டுக்கிட்டிருந்தேன்," என்றான் நெவில். கரைமேல் தட்டிக்கொண்டிருந்த இன்ஜினைக் கைகாட்டினான். "அத. அது பாறைமேல... கிளெண்டா, நடுவுல தண்ணி ஓடுறது கேட்டுச்சு எனக்கு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் இருந்த ஈரத்தையும் பார்த்தாள். திட்ட வந்தவள் திட்டை விழுங்கிக்கொண்டாள்.

"போய் அந்தக் கல்லப் பாரு," என்றாள் மெதுவாக.

நெவில் இறங்கிப் போய்ப் பார்த்தான். வெளுத்த தட்டைக்கல்மேல் ஈரத்தில் கறுப்பாக ஒரு பூட்ஸ் தடம். இடது கால். டிரயல்காரர்கள் கால் வைத்தால் நுனி பட்டும் படாமலும் ஒரு தேய்ப்பு இருக்கும், இழுத்த கோடு இருக்கும். இதில் ஒரு இழுப்பும் இல்லை. குதிகால், நடுப்பாதம், விரல் பக்கம், அடித்தோலின் கட்டம் கட்டமான பள்ளங்கள் உட்பட எல்லாம் அச்சு எடுத்த மாதிரி பதிந்திருந்தன. நிதானமாக வைத்து, நின்று, நிதானமாக எடுத்த கால். நூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டியும் அவளும் சேர்ந்து அந்த முட்டிமேல் இறங்கியிருக்கிறார்கள்.

"வழுக்கிச்சு," என்றாள் கிளெண்டா மேலிருந்து. "போச்சுன்னு நெனச்சேன். வச்சுட்டேன். பழைய வண்டின்னா அது என்னைப் பிடுங்கிட்டுப் போயிருக்கும். இது போகலைய்யா. நான் நிமிர்ற வரைக்கும் நின்னுச்சு. நிக்கவும் இல்ல, ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு, ஆனா எனக்காகக் காத்திருந்துச்சு. அப்பதான் கால் எடுத்தேன்."

"முட்டி?"

"தாங்கிச்சு." அவளுக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி இன்னொரு தடவை சொன்னாள். "முழுசாத் தாங்கிச்சு நெவில்."

 வரிசையில் இருந்தவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

"ஒண்ணு போடு," என்றாள் அவள். "போட்டுக் காட்டு அவங்களுக்கு. நான் ஏமாத்தி வாங்கினதில்ல எதையும்."

நெவில் கையை உயர்த்தி ஒரு விரலைக் காட்டினான். வரிசையில் ஒரு முனகல் எழுந்தது.

"வாக்குன்னா வாக்கு," என்றாள் கிளெண்டா.  "சாயங்காலமே விளம்பரம் கொடுத்துடறேன்."

"கொடு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

"நான் வாங்கிக்கிறேன்," என்றான் நெவில்.

"நீயா? டிரயல் வண்டில உக்காந்து ஒரு குட்டையத் தாண்டினதில்ல நீ. உனக்கு எதுக்கு அது?"

"கேக்கறதுக்கு."

"அது பாட்டுக்கு நின்னா ஒண்ணும் கேக்காதுய்யா. பாறைமேல ஏத்த ஆள் வேணும்."

"ஆமா," என்றான் அவன். "ஆள் வேணும்."

கிளெண்டா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  கையுறையின் பின்பக்கத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி வண்டியிடம் போய் ஏறி உட்கார்ந்தாள். இன்னும் ஐந்தாவது கட்டம் இருக்கிறது, ஆறாவது இருக்கிறது. அந்தச் சத்தம் கரைவழியே மேலே நகர்ந்து போனது.

"யோவ், அனுப்புறியா இல்லையா?" என்று கீழிருந்து அடுத்த ஆள் கத்தினான். முறுக்கிய முறுக்கில் புகை வந்தது.

"இரு," என்றான் நெவில். திரும்பாமலே உள்ளங்கையை அவன் பக்கம் நீட்டிப் பிடித்தான். "ஒரு நிமிஷம் இரு."

தட்டைக்கல்மேல் காற்று அடித்தது. தடம் ஓரங்களிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. முதலில் விரல் பக்கம் வெளுத்தது, பிறகு நடுப்பாதம். அதிகப் பாரம் இறங்கிய குதிகால் மட்டும் ஒரு பென்னிக் காசு அளவுக்குக் கறுப்பாக இன்னும் இருந்தது. அடுத்த வண்டியின் சக்கரம் அதன்மேல் ஏறிவிடாதபடி, ஓடைக்குள் கால் நனைய இறங்கி, நெவில் அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.